மடியில் கொதித்த தாலிக்கொடி

உதிரிப் பற்றரியை எப்படிப் பாதுகாப்பாகக் கொண்டு திரிவது என்ற விடயத்தில் ரொறன்ரோ முழுவதிலும் என்னை மிஞ்சிய வித்துவான் கிடையாது. இதை நானே சொல்வதற்குக் காரணம், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான்.

சிகரெட்டை விட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறிய நாளிலிருந்து எனக்கு இந்த வியாதி. பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு, எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் நடுவில் போய் நின்றுகொண்டு பிரசங்கத்தைத் தொடங்கிவிடுவேன். என்னுடைய வேப் ஒரு சவர்க்காரக் கட்டி அளவு. அதன் வயிற்றுக்குள் கட்டைவிரலை விடச் சற்று நீளமாக இரண்டு பற்றரி. அவை களைத்துப்போனால் மாற்றிப் போட இன்னும் இரண்டு. வில்லங்கம் அந்த உதிரி இரண்டிலும்தான். சில்லறைக் காசோடு போடக் கூடாது. சாவிக் கொத்தோடு போடக் கூடாது. மேல்தோல் கிழிந்தால் பாவிக்கவே கூடாது. விமானத்தில் ஏறும்போது பெரிய பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கைப்பையில்தான், அதுவும் மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள். இரும்போ செம்போ இரண்டு முனையையும் தொட்டால் உள்ளே இருக்கிற சக்தி முழுவதும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்க்கும். வந்தால் நெருப்பு.

இந்த இடத்தில் நான் கையை மேலே விரித்துக் காட்டுவேன். அந்த விரிப்புக்காகவே சிலர் ரோல்ஸ் தட்டோடு அடுத்த மேசைக்கு இடம்பெயர்ந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட வித்துவான்தான் என் மச்சானின் தாலிக்கொடியை மடியில் வைத்துக் கொதிக்க வைத்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இங்கேயே பிறந்தவன். பொம்பிளை பாரிஸ். தை பிறந்ததும் பாரிஸில் கலியாணம் என்று முடிவாகி, மாப்பிள்ளை வீட்டார் என்ற பெருமையோடு நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் புறப்பட்டோம்: மாப்பிள்ளை, அவனுடைய தாய், அதாவது என் மாமி, என் மனைவி, நான். எங்களோடு ஐந்தாவதாகப் புறப்பட்டது கொடி.

மற்ற நகைகளைக் கொண்டுபோவது பெரிய காரியமே இல்லை. காப்பு, சங்கிலி, அட்டியல் எல்லாவற்றையும் பெண்கள் போட்டுக்கொண்டு மேலே குளிர்க்கோட்டைக் கொளுவிவிடுவார்கள். கொடியை அப்படிக் கொண்டுபோக முடியாது. பொன்னுருக்கி, செய்து, கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்த கொடி, பொம்பிளையின் கழுத்தில் ஏறுவதற்கு முதல் வேறு ஒரு கழுத்திலும் ஏறக் கூடாது. ஆகவே அது பையில்தான் போக வேண்டும். எந்தப் பையில் என்பதை மாமி ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது ஒளிப்பில்லை, விளம்பரம் என்பது மாமியின் கொள்கை.

மாமிக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. நகையை நகைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறவன் கள்ளனுக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறவன். நகை, பார்க்கச் சகிக்காத ஒன்றுக்குள் இருக்க வேண்டும்.

புறப்படுகிற அன்று காலை மல்வேர்னில் மாமியின் ரவுண்ஹவுஸ் வீடு ஒரு சரக்குக் கொட்டில் மாதிரிக் கிடந்தது. குளியலறைத் தராசு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. மிளகாய்த்தூள் ஐஸ்கிரீம் வாளிக்குள் போனது. வேட்டி தூளுக்குக் காவலாகப் போனது. மாமி எல்லாருடைய பையையும் திறந்து திரும்ப அடுக்கினார். யாருடைய பையையும் யாரும் திறக்கலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கேட்டுத் திறப்பது மரியாதைக் குறைவு.

அந்த அமளிக்குள்தான் என்னுடைய பற்றரிப் பெட்டி களவு போயிற்று. சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே இரண்டு அறை, இறுக்கமான மூடி. தேடிக்கொண்டு போனேன். சாமியறையில் மாமி ஒரு அறைக்குள் திருநீறும் மற்றதற்குள் சந்தனப் பொடியும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்கோ தம்பி, ஆரோ எனக்கெண்டே அளவெடுத்துச் செய்த மாதிரி,” என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

நான் என்ன செய்ய? சாமி கும்பிட்ட கையிலிருந்து திருநீற்றைப் பறித்து, புகைவிடுகிற சாமானுக்கு இடம் கேட்கலாமா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து, எங்கள் சனத்தின் எல்லா மேசை லாச்சியிலும் கிடக்கிற, நகைக்கடையில் தருகிற சுருக்குப் பை ஒன்றை எடுத்தேன். சிவப்பு வெல்வெற், பழசாகி வழுக்கை விழுந்தது. துணி மின்சாரத்தைக் கடத்தாது என்று விஞ்ஞானம் பேசிக்கொண்டு உதிரிப் பற்றரி இரண்டையும் அதற்குள் போட்டேன். ஒன்றின் தலைப்பக்கத்தில் மேல்தோல் ஒரு நகத்தளவு கிழிந்திருந்தது. கண்டேன். விமான நிலையத்தில் ரேப் ஒட்டலாம் என்று நினைத்தேன். பையை என் தோள்பைக்குள் போட்டுவிட்டு, வேப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், பாதுகாப்பைப் பற்றி நிம்மதியாகப் புகைவிட்டேன்.

நான் புகைவிட்ட அந்த நேரத்துக்குள் மாமி என் தோள்பையைத் திறந்திருக்கிறார். வழுக்கை விழுந்த சுருக்குப் பையைக் கண்டிருக்கிறார். பார்க்கச் சகிக்காததாகவும் இருந்தது, நகைக்கடைப் பை என்பதால் கொஞ்சம் மரியாதையாகவும் இருந்தது. உள்ளே தடவிப் பார்த்ததில் குழாய் மாதிரி இரண்டு. மருமகன் தடிமனுக்கு மூக்கில் வைத்து உறிஞ்சுகிற தைலக் குழாய் என்று முடிவெடுத்திருக்கிறார். கொடியை நகைப்பெட்டியிலிருந்து எடுத்து, அதற்குள் இறக்கி, தன் கையால் இரட்டை முடிச்சும் போட்டிருக்கிறார். இதெல்லாம் பின்னால் விசாரணையில் வெளிவந்த உண்மைகள்.

எங்களை ஏற்றிப்போக வான் வந்தது. ஓட்டி வந்தவர் மன்னார் ஆள், கலகலப்பான மனிதர். பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, கலியாணத்துக்குப் போறியளோ, கடை போடப் போறியளோ என்று மாமியிடம் கேட்டார். மாமி அவருக்கு ஒரு பொதி முறுக்குக் கொடுத்து வாயை அடைத்தார். மாப்பிள்ளை முன்னுக்கு, மாமியும் மனைவியும் நடுவில், கடைசிச் சீற்றில் பெட்டிகளோடு பெட்டியாக நான். தோள்பை மடியில்.

நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று பனி, முன்னால் கலியாணம், முதல் முறையாகப் பாரிஸ். போதாததற்கு மடியில் ஒரு இதமான சூடு. குளிர் நாளில் இப்படி ஒரு சூடு கிடைத்தால் மனிதனுக்குத் தத்துவம் வரும். எனக்குப் பாராட்டு வந்தது.

“அண்ணை, உங்கட வான் திறம்,” என்றேன்.

“என்ன திறம்?”

“சீற் ஹீற்றர். நல்லாச் சுடுது.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “பின் சீற்றுக்கு ஹீற்றரே இல்லை, அண்ணை.”

 என் மனைவி திரும்பாமலே கேட்டாள்: “அப்ப என்ன சுடுது?”

நான் குனிந்து பார்த்தேன். தோள்பையின் அடிப்பக்கம். கையை வைத்தேன், எடுத்தேன். பையின் சிப்பை இழுத்துத் திறந்ததும் இனிப்பும் பிளாஸ்ரிக்கும் கலந்த ஒரு மணம் மூக்கில் ஏறியது. எத்தனையோ மேடைகளில் நான் வர்ணித்த மணம். நேரில் அன்றுதான் முகர்ந்தேன். சொன்னால் வெட்கம், அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு சின்னச் சந்தோஷம், நான் சொன்னதெல்லாம் சரிதான் என்று.

கையுறையை மாட்டிக்கொண்டு சுருக்குப் பையை வெளியே தூக்கினேன். பற்றரி சூடாகுது, கண்ணாடியைத் திறவுங்கோ, எறியப்போறேன் என்று கத்தினேன்.

“எறியாதேங்கோ தம்பி,” என்றார் மாமி. குரல் மிகவும் அடங்கியிருந்தது. “அதுக்குள்ளதான் கொடி கிடக்கு.”

மனைவி இப்போது திரும்பினாள். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. மணவறையில் தம்பி கொடியைக் கட்டும்போது பின்னால் நின்று பூட்டுகிற தமக்கை அவள். எத்தனையோ மாதமாக அந்த ஒரு நிமிடத்துக்காகச் சேலை எடுத்து, சட்டை தைத்து, நடந்து பழகி, நின்று பழகி வைத்திருந்தாள். அந்த நிமிடம் இப்போது என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மாமியின் இரட்டை முடிச்சைக் கையுறையோடு அவிழ்க்கிறவன் இனித்தான் பிறக்க வேண்டும். கையுறையைக் கழற்றினால் சுடுகிறது. வலக்கையிலிருந்து இடக்கைக்கு, இடக்கையிலிருந்து வலக்கைக்கு, அவித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி மாற்றி மாற்றிப் பிடித்தேன். கடைசிச் சீற்றின் கண்ணாடி திறக்காத சாதி என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“அத்தான், மெட்டலோட வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்,” என்றான் மாப்பிள்ளை முன்னாலிருந்து. “எனக்கு ரெண்டு தரம் சொன்னனீங்கள்.”

“உவருக்கு ஊருக்குத்தான் உபதேசம்,” என்றாள் மனைவி.

சாரதி நெடுஞ்சாலையின் நடு ஓடையிலிருந்து வலப்பக்கம் வெட்டினார். பின்னால் ஒரு லொறி நீளமாக ஹோர்ன் அடித்தது. அவர் மாதாவைக் கூப்பிட்டார், மாமி முருகனைக் கூப்பிட்டார், நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓம் போட்டேன். வெளியேறும் பாதையில் வான் சரிந்து இறங்கியது. வானைக் கொளுத்தாமல் இன்னும் கொஞ்சம் பிடித்திருங்கோ என்று சாரதி கெஞ்சினார். நான் பையைக் கையெட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்தபடி, பெட்டிகளுக்கு மேலால் ஊர்ந்து கதவடிக்கு வந்துசேர்ந்தேன். ஒரு கோப்பிக் கடையின் கார் தரிப்பிடம். வான் நிற்க முதலே கதவை இழுத்தேன்.

தரிப்பிடத்தின் மூலையில், வழித்துக் குவித்த பனி ஒரு ஆள் உயரத்துக்கு மலையாக நின்றது. ஓடினேன். இரண்டு தரம் சறுக்கினேன், ஒரு தரம் விழுந்தேன், பையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். எறிந்தேன். சுடுகிற எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு பை பனிக்குள் இறங்கியது. இறங்கியதென்றால், துளை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெளியே ஒரு ஓட்டை மட்டும், அதிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை.

மனைவி வானின் பனி தட்டுகிற தூரிகையோடு ஓடி வந்தாள். நான் அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“புகை நிக்கட்டும். கிட்டப் போகாதை.”

“விடுங்கோ. கொடி உருகுது.”

“உருகினாலும் பரவாயில்லை. உன்ர முகம் எரிஞ்சா நான் ஆரிட்டைப் போய்ப் பேச்சு வாங்குறது?”

அவள் நின்றாள். அந்த வசனத்தை நான் அன்பாகச் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா என்று இன்றைக்கும் தெரியாது. சரியாக அந்த நேரம் ஓட்டைக்குள்ளிருந்து ‘புஸ்’ என்று ஒரு சீறல். பனி ஒரு பிடி மேலே தெறித்தது. நாங்கள் எல்லாரும் ஒரே அடியில் பின்வாங்கினோம். மாமி மட்டும் கைகூப்பிக்கொண்டு அதே இடத்தில் நின்றார். பட்டுச்சேலை, அதற்குக் கீழே முழங்கால் வரை பனிச் சப்பாத்து. கோப்பிக் கடைக்குள்ளிருந்து கண்ணாடியில் முகங்கள் ஒட்டின. ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை தலைக்கு மேலே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

புகை மெலிந்தது. நின்றது. பிறகும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் பிரசங்கத்தை ஒருவரும் எழும்பிப் போகாமல் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு கிண்டினோம் பாருங்கள். நாலு பேர், சாரதியோடு ஐந்து பேர். தூரிகை ஒன்று, சாரதியின் மண்வெட்டி ஒன்று, மற்றவர்களுக்குக் கை. முதலில் வெளிவந்தது கருகிய வெல்வெற். அடுத்தது ஒரு பற்றரி, தோல் கழன்று, வாய் பிளந்து. சாரதி அதை மண்வெட்டியால் தூக்கி, சக்கரம் சறுக்கினால் போட வைத்திருந்த மண் வாளிக்குள் புதைத்தார். மற்றதும் அகப்பட்டு அதே வாளிக்குள் போனது. இரண்டையும் பழைய பற்றரி எடுக்கிற இடத்தில் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். கொடியைக் காணவில்லை.

மாமி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் பனியைப் பிசைந்தார், பிட்டுக்கு மாக் குழைக்கிற மாதிரி. சட்டென்று நிறுத்தினார். இழுத்தார். பனிக்குள்ளிருந்து மஞ்சள் சங்கிலி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தாலி.

மாப்பிள்ளை அந்தத் தரிப்பிடத்தில் துள்ளினான். சாரதி என்னைக் கட்டிப்பிடித்தார். கண்ணாடிக்கு உள்ளே நின்ற சனத்தில் யாரோ கை தட்டினார்கள், என்னத்துக்கென்று அவர்களுக்கே தெரியாது.

மனைவி மட்டும் துள்ளவில்லை. கொடியை வாங்கி, வானின் விளக்கில் பிடித்து, வளையம் வளையமாகப் பார்த்தாள். தாலிக்கு ஒரு கீறலும் இல்லை. நுனிப்பக்கம் இரண்டு வளையத்தில் கறுப்புப் பொட்டு. அதற்குப் பக்கத்தில் சுரை, பிடரியில் கொடியைப் பூட்டுகிற திருகாணி. அதன் புரியில் பொறி பட்டு ஒரு சின்னப் பள்ளம். திருகிப் பார்த்தாள். திரும்பவில்லை. வாயருகில் வைத்து மூச்சு ஊதி, திரும்பவும் திருகினாள். அரை வாசி போய் நின்றது.

பாரிஸில் நகை செய்கிற ஒரு பத்தரிடம் காட்டினால் புரியை அராவித் தருவார் என்றேன். மாமி தலையசைத்தார். பூசையில் வைத்து எடுத்த கொடியில் இனிமேல் அரமும் படக் கூடாது, நெருப்பும் படக் கூடாது, பட்ட நெருப்பே போதும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு நெருப்பு யாரும் இல்லை.

கொடியை மாமியின் கைக்குட்டையில் சுற்றி மாமியின் கைப்பையிலேயே வைத்தோம். மிசிசாகாவில் விமான நிலைய வாசலில் சாரதி விடைபெறும்போது, படம் அனுப்புங்கோ, கொடி ஏறினதைப் பார்க்காமல் எனக்கு நித்திரை வராது என்றார். சோதனை வரிசையில் என்னை ஒருவரும் மறிக்கவில்லை. கையில் வேப் மட்டும்தானே இருந்தது, உதிரிகள் மண்ணுக்குள் போய்விட்டன. மறித்தது மாமியை. பற்றரி வைக்கிற பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு தூள், பழுப்பாக ஒரு தூள். பெண் உத்தியோகத்தர் ஒருவர் பஞ்சுத் துணியால் தொட்டு எந்திரத்துக்குள் கொடுத்தார். மாமி கோபிக்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, உங்களுக்கும் பூசிவிடட்டுமோ என்று சைகையால் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றாள்.

பாரிஸில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. விடுதி அறையில் மனைவி கட்டிலில் இருந்து சுரையைத் திருகினாள், நான் எதிரில் இருந்து அவளைப் பார்த்தேன். சில தரம் வெண்ணெய் மாதிரிப் போகும். சில தரம் அரை வாசியில் நின்றுவிடும். எப்போது போகும், எப்போது நிற்கும் என்று அதற்கும் தெரியாது. நான் பழகித் தரட்டோ என்று கேட்டேன்.

“நீங்கள் தொடாதேங்கோ,” என்றாள். “அண்டைக்கு இது பூட்டுப்படாட்டி, கொடிக்குப் பதிலா உங்களைத்தான் பொம்பிளையின்ர கழுத்தில கட்டிவிடுவன்.”

கலியாண மண்டபத்தில் முன்வரிசையில் மாமிக்குப் பக்கத்தில் எனக்கு இடம். கையில், வாழ்த்தி எறிய, ஆளுக்கு ஒரு பிடி அறுகரிசி. மாப்பிள்ளை எழுந்தான். ஐயர் கையை உயர்த்த, மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன. ‘வெடித்தன’ என்ற சொல்லை இப்போதெல்லாம் யோசித்துத்தான் பாவிக்கிறேன். மாப்பிள்ளை கொடியைப் பொம்பிளையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனான். நுனிகள் பின்னால் மனைவியின் கைக்கு வந்தன.

சனம் அரிசியை எறியத் தொடங்கியது. நான் எறியவில்லை. மாமியும் எறியவில்லை. மேளம் அடித்தது. மனைவி குனிந்தாள். மேளம் இன்னும் அடித்தது. தவில்காரரின் நெற்றியில் வியர்வை, அவர் ஐயரைப் பார்க்க, ஐயர் இன்னும் அடி என்று கை காட்டினார். பொம்பிளையின் கூந்தலுக்குப் பின்னால் என் மனைவியின் முழங்கை மட்டும் தெரிந்தது. அது ஒரு தரம் அசைந்தது. நின்றது. என் கைக்குள் அரிசி நனைந்து மாவாகிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள், சுரைக்கு மூச்சு ஊதுகிறாள் என்று எனக்கும் மாமிக்கும் மட்டும் தெரியும். முழங்கை மறுபடி அசைந்தது. அசைந்தது. அசைந்துகொண்டே போயிற்று.

அவள் நிமிர்ந்தாள். சபை முழுவதையும் தாண்டி என்னைத் தேடி, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

மாமி என் முழங்கையில் ஒரு இடி இடித்து, “எறியுங்கோ தம்பி, எறியுங்கோ,” என்றார்.

இருந்த அரிசி முழுவதையும் ஒரே வீச்சில் எறிந்தேன். ஈரத்தில் கட்டிபட்டிருந்ததால் அது பிரியாமலே பறந்து போய், பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் தாண்டி, ஐயரின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.